கடலுக்குள் அடித்தால் அவுட்

ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாண வீட்டுக்கு அழைப்பு வைத்திருப்பவன் பட்டினிதான் கிடப்பான். அங்கே சாப்பிட்டிருப்பான் என்று இங்கேயும், இங்கே சாப்பிட்டிருப்பான் என்று அங்கேயும் இலையை எடுத்துவிடுவார்கள். என் கிரிக்கெட் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அப்பா சிலோன் வடகரையில் மயிலிட்டிக்காரர். சரக்குத் தோணி ஓட்டிய தண்டையல். அம்மாவுக்கு நாகப்பட்டினம். நான் பிறந்தது அப்பாவின் ஊரில். பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் அப்பா கடலோடு போய்விட்டார். நாற்பது நாள் குழந்தையாக அம்மாவின் மடியில் கடல் தாண்டி வந்தவன் நான். மெட்ராஸில் ஆடிய காலத்தில் ரன் அடித்தால் ‘நம்ம பையன்’, அடிக்காவிட்டால் ‘சிலோன்காரன்’. மாநில அணிக்கு ஆறு வருஷம் ஆடினேன். தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு ஒரே ஒரு முறை கூப்பிட்டார்கள். மூன்று நாள் மற்றவர்களுக்குப் பந்து போடவைத்தார்கள். ஐயா, நான் பேட்ஸ்மேன் என்று நான்காம் நாள் நினைவூட்டினேன். அப்படியா என்று ஆச்சரியப்பட்டு ரயில் ஏற்றிவிட்டார்கள்.

பிறகு இங்கிலாந்தின் வடக்கே ஒரு பஞ்சாலை ஊரில் சம்பளத்துக்கு மட்டை பிடிக்கும் வேலை. சனிக்கிழமை அந்த ஊருக்காக ரன் அடிக்க வேண்டும். மற்ற நாட்களில் குளிரில் சாகாமல் இருக்க வேண்டும். கதிரேசன் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் ‘கேத்தி’ ஆகிவிட்டது. அங்கே அது பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். எட்டுக் கோடைகாலம் கேத்தியாகவே ஆடினேன். அப்புறம் மேற்கிந்தியத் தீவிலிருந்து ஒருவன் வந்தான். இருபத்திரண்டு வயது, பந்தும் வீசுவான். கேத்திக்கு ஒரு கடிகாரம் கொடுத்து வழியனுப்பினார்கள். அதுவும் இந்தியாவில் இறங்கியதும் நின்றுவிட்டது. அதற்கும் எந்த நாட்டு நேரத்தைக் காட்டுவது என்று குழப்பம் போல.

அப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. எழுதியவர் இங்கிலாந்தில் எனக்கு எதிராக ஆடிய பழைய நண்பர். இப்போது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிறவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கும் நிலைக்கு உயர்ந்திருந்தார். ‘நாலாம் இடத்துக்கு நிதானமாக ஒரு ஆள் தேடுகிறார்கள். இந்த நாட்டில் பிறந்தவன் என்று காட்டும் காகிதம் ஒன்று கொண்டுவா. மாத முடிவுக்குள் வா. முப்பத்தைந்துக்கு மேற்பட்டவன் என்றால் பெயரைக்கூட வாசிக்க மாட்டார்கள்.’

எனக்கு அப்போது சரியாக முப்பத்தைந்து. இன்னும் நான்கு மாதத்துக்கு முப்பத்தைந்து. ஏதாவது ஒரு நாட்டின் தொப்பியை ஒரு தடவை தலையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும், மழை பெய்து ஆட்டம் நடக்காமல் போனாலும் பரவாயில்லை என்று பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு ஒரு ஏக்கம். சிரித்துச் சிரித்து மறைத்தாலும் அது ஏக்கம்தான். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்பதற்கு அப்பாவின் அண்ணன் ஒருவர்தான் மிச்சம். எழுபதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம் மயிலிட்டிக்குக் கிளம்பினேன்.

முதல் நாளே தட்டிவான் என்ற அதிசயத்தில் ஏறினேன். ஒரு கிழட்டு வானுக்கு மரத்தால் கூடு அடித்து, பின்பக்கம் சங்கிலியில் ஒரு பலகையைத் தொங்கவிட்டால் அது தட்டிவான். ஆட்கள் உள்ளே, மூட்டைகள் பலகையில். எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஏறலாம். இங்கே நிற்கப்போகிறது என்று சந்தேகம் வந்தாலே ஏறிவிட வேண்டும்.

கத்தரிக்காய்க் கூடையோடு பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள். “தம்பி இந்தியாவோ?”

“ஆமாங்க” என்றேன்.

வானே திரும்பிப் பார்த்தது. “அச்சா! படத்திலை கதைக்கிற மாதிரியே கதைக்கிறார். இன்னொருக்காக் கதையுங்கோ பாப்பம்.”

சுன்னாகம் வரும்வரை நான் கதைத்தேன். ‘ரொம்ப சந்தோஷங்க’ என்பதை மூன்று முறை சொல்லவைத்தார்கள். ஒரு மைதானத்திலும் எனக்கு இவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. அந்தப் போதையில் பின்பலகையில் இருந்த என் மட்டைப் பை ரோட்டில் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. தெல்லிப்பழை தாண்டிய பிறகுதான் ஒரு மனிதர் சைக்கிளில் பையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுக்க எங்களை எட்டிப் பிடித்தார்.

“பையிலை இந்தியா எண்டு எழுதிக் கிடந்துது, சேலையாக்கும் எண்டு நினைச்சு ரெண்டு கட்டைத் தூரம் சைக்கிள் உழக்கினனான். திறந்து பாத்தால் காலுக்குக் கட்டுற தலகாணி” என்று பையை என் மடியில் போட்டார். அவர் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை நான் மெட்ராஸ் ரசிகர்கள் முகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெரியப்பாவின் வீடு கடலுக்கு நூறு அடியில். வீட்டை நடத்துவது அவருடைய மகள் மலர் அக்கா. அவள் புருஷன் மீன் பருவத்துக்கு முல்லைத்தீவுப் பக்கம் போயிருந்தார். பெரியப்பாவுக்கு எழுபத்தைந்து இருக்கும். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

“பிள்ளை மலர், உவன்ரை காலைப் பார். விரல் விரிஞ்சு நிக்குது. தண்டையல்ரை கால்.” அப்புறம் தலையை நிமிர்த்தினார். “நீந்துவியோ?”

“தெரியாது பெரியப்பா. அம்மா கடலுக்குள்ள கால் வைக்க விட்டதில்லை.”

உண்மை அதுதான். கடலுக்குப் போனால் அடி விழும். கடலிலிருந்து மிகத் தொலைவில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பள்ளிக்கூட மைதானம் இருந்தது. நான் பேட்ஸ்மேன் ஆனது இப்படித்தான்.

பெரியப்பா உள்ளே போய்விட்டார். மலர் அக்கா பனை ஓலையைக் குவித்துக் கட்டிய பிளாவில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். நண்டும் மீனும் பலாக்கொட்டையும் மிதக்கும் கூழ். ஓலையைச் சரிக்கும் கோணம் ஒன்று இருக்கிறது. அது தெரியாதவனுக்குப் பாதி வாய்க்கும் பாதி சட்டைக்கும். “சட்டைக்கும் உறைக்குதோ எண்டு கேளுங்கோ” என்றாள் அக்கா. சீனி தட்டுப்பாட்டுக் காலம். தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொள்ளக் கொடுத்தாள். எங்கள் ஊரில் கருப்பட்டியைக் கரைத்துக் குடிப்போம். இங்கே கடித்துவிட்டுக் குடிக்கிறார்கள். வயிற்றில் சந்தித்துக்கொள்ளட்டும் என்ற பெருந்தன்மை.

அன்று நாலு மணிக்குக் கடற்கரையில் ஆட்டம் என்று ராசன் வந்து கூப்பிட்டான். இருபத்தைந்து வயது மீன்பிடிகாரன், அந்த ஊர் அணிக்குத் தலைவன். மேற்கே காங்கேசன்துறை சிமெந்துத் தொழிற்சாலைப் புகை, வடக்கே கடல், நடுவில் இறுகிய மணல். பந்து டென்னிஸ் பந்து. மட்டை, பனைமட்டையில் செதுக்கியது. என் இங்கிலாந்து மட்டையைக் காட்டினேன். “உது கலியாணத்துக்குப் போடுற சப்பாத்து மாதிரி இருக்கு. மணலிலை பழுதாப் போடும், உள்ளை வையுங்கோ அண்ணை” என்றான்.

இங்கிலாந்திலிருந்து வந்த ஆட்டக்காரன் என்று ஊரே கூடிவிட்டது. முதல் பந்து. நன்றாக உயர்ந்து வந்தது. எட்டு வருஷச் சம்பளத்துக்கும் நியாயம் செய்யும்படி தூக்கினேன். பந்து வள்ளங்களுக்கு மேலாகப் போய், அலை தாண்டி, கடலில் விழுந்தது. கையைத் தூக்கிக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

“அவுட்” என்றான் ராசன்.

“என்னது?”

“கடலுக்குள்ளை அடிச்சால் அவுட். அடிச்சவர்தான் நீந்திப் போய்ப் பந்தை எடுக்கவும் வேணும்.”

எனக்கு நீந்தத் தெரியாது என்பதை ஐம்பது மீன்பிடிகாரர்களுக்கு முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று. தண்டையலின் மகன்! அப்புறம் வள்ளத்தில் சாய்ந்திருந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “இங்கிலாந்திலை உதுக்கோ சம்பளம் தந்தவங்கள்?”

பந்தை வேறொருவன் போய் எடுத்து வந்தான். நான் வாடிக்குள் ஒதுங்கினேன். வாடி என்பது வலை, துடுப்பு எல்லாம் போட்டுவைக்கும் ஓலைக் கொட்டில். அதன் பலகைச் சுவரில் கரியால் ஆடுவோர் பெயர்ப் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ரன். பதினொரு பேர் இருந்தார்கள். வெளியே எண்ணிப் பார்த்தேன், ஏழு பேர்தான்.

“மிச்சப் பேர் எங்கே?”

“தொழிலுக்குப் போட்டினம்.” கடலைக் காட்டினான் ராசன். “மூண்டு மணிக்கே வள்ளம் தள்ளிட்டாங்கள்.”

“அப்போ பெயர் ஏன் இருக்கு?”

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் பார்த்தான். “கடலிலை நிக்கிறவன்ரை பேரை வெட்டுறேல்லை அண்ணை. கரையிலை நிக்கிற ஒருத்தன் அவனுக்காக ஆடுவான். ரன் கடலிலை நிக்கிறவனுக்கு. அவுட்டானாலும் அவன்தான் அவுட்.”

எத்தனையோ ஊர்ச் சட்டங்களில் ஆடியிருக்கிறேன். இப்படி ஒன்று கேள்விப்பட்டதில்லை. வேடிக்கை என்று மட்டும் நினைத்தேன்.

மறுநாள் காலை மலர் அக்காவின் சைக்கிளில் பிறப்பு இறப்புப் பதிவுகாரர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டு முன்னறைதான் கந்தோர். கதிரையில் உட்காரச் சொல்லி, தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார். அப்பா பெயர், அம்மா பெயர், என் பெயர் சொன்னேன். அரைமணி நேரத்தில் முகம் மலர்ந்தார்.

“இருக்கிறியள்! தகப்பன் தண்டையல், தாய் நாகபட்டினம், பிள்ளை கதிரேசன், ஆண். ஓம், எல்லாம் சரி.” என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “நாப்பது வயதெண்டு சொல்லேலாது. நல்லா இருக்கிறியள்.”

“நாற்பதா? எனக்கு முப்பத்தைந்து.”

“புத்தகத்திலை நாப்பது.”

“தப்பா எழுதியிருப்பாங்க.”

“அஞ்சு வருசத்துக்கோ தம்பி? நீங்கள் பிறந்த வருசத்திலையும் பாத்திட்டன். அதிலை நீங்கள் இல்லை.” கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: “பெரியப்பாவைக் கேளுங்கோவன்.”

சிரித்துக்கொண்டே திரும்பினேன். முழங்காலைக் கேட்டால் அதுவும் நாற்பது என்றுதான் சொல்லும் என்று எனக்கு நானே நகைச்சுவை செய்துகொண்டேன். பெரியப்பா பூவரச நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். “பெரியப்பா, இந்த நாட்டுல எனக்கு நாற்பது வயசாம்!”

அவர் சிரிக்கவில்லை. கிழிந்த வலைக்கண்ணில் நூலை விட்டு இழுத்து முடிச்சுப் போட்டார்.

“அது நீ இல்லை. உன்ரை அண்ணன்.”

எனக்கு அண்ணன் என்று யாரும் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக நான் ஒற்றைப் பிள்ளை.

“அஞ்சு வயது. உங்கடை கொப்பர் நாகபட்டினத்துக்குப் புகையிலை ஏத்திக்கொண்டு போகேக்கை, நானும் வாறன் எண்டு அழுதான். கூட்டிக்கொண்டு போனவர். அங்கை போய்ச் சேரவுமில்லை, இஞ்சை திரும்பி வரவுமில்லை. தோணியிலை ஒரு பலகைகூட ஒதுங்கேல்லை. அதுக்குப் பிறகு ஒரு மாதத்திலை நீ பிறந்தாய். நாப்பத்தோராம் நாள் கொம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு தோணி ஏறினவ. ஏறேக்கை உனக்குப் பேரும் வைச்சிட்டா. அவன்ரை பேர்.”

அம்மா சொன்ன கதைகளில் அப்பா மட்டும்தான் கடலுக்குப் போனார். அந்தக் கதைகளில் தோணியில் ஒரு குழந்தைக்கு இடம் இருந்ததாக அவள் சொன்னதே இல்லை.

“அவன் திரும்பி வந்திட்டான் எண்டு அவ நினைச்சா” என்றார் பெரியப்பா. “இன்னும் வரேல்லை எண்டு நான் நினைச்சன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

“என்னை ஏன் பதியவில்லை?”

“ஒரு தகப்பன், ஒரு தாய், ஒரே பேர். ரெண்டு பிள்ளையெண்டு என்னெண்டு எழுதுறது? பதிவுகாரர் கேட்டவர், மூத்தவன் இல்லையெண்டு எழுதித் தா, பிறகு இவனை எழுதுறன் எண்டு. நான் திரும்பி வந்திட்டன்.”

பின்னேரம் மறுபடி பதிவுகாரரிடம் போனேன். அவர் தெளிவாகச் சொன்னார். மூத்தவர் மோசம் போட்டார், அதாவது இறந்துவிட்டார் என்று, சம்பவம் தெரிந்த உறவினர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். மிச்சம் இருப்பவர் பெரியப்பா மட்டும். வைத்தால், பிந்திய பதிவாக என்னை எழுதலாம். வெள்ளிக்கிழமைக்குள் காகிதம் கையில். “இல்லாட்டி உள்ள பத்திரத்தையே கொண்டுபோங்கோவன். பேர் சரி, தாய் தேப்பன் சரி. ஆர் கேக்கப் போயினம்?”

உண்மைதான். ஆனால் அந்தக் காகிதத்தோடு போனால் எனக்கு நாற்பது. கொழும்பில் பெயரைக்கூட வாசிக்க மாட்டார்கள்.

அன்று நான் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. என்னைப் பற்றி நானே சொல்லிச் சிரிக்கும் கதைகளில் இது சேராது. பெரியப்பாவிடம் நேரே போய், “முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு பெரியப்பா. அவங்க வரமாட்டாங்க. ஒரு கையெழுத்துதானே?” என்றேன்.

“கையெழுத்து வைக்கத் தெரியும்” என்றார். “வைக்க ஏலாது.”

மூன்றாம் நாள் முழுக்கக் கோபத்தில் சைக்கிள் மிதித்தேன். கோபத்துக்கும் பசிக்கும் என் உடம்பில் ஒரே நரம்பு போல. காங்கேசன்துறையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இறங்கிப் பாணும் சம்பலும் கேட்டேன். எங்கள் ஊரில் பாண், அதாவது ரொட்டி, காய்ச்சல்காரன் சாப்பாடு. இங்கே இடிசம்பலோடு கொடுத்துக் காய்ச்சலையே வரவழைக்கிறார்கள். பக்கத்தில் இருந்த தொழிற்சாலைக்காரர் தலை முழுக்கச் சிமெந்து மா. “இந்தியாவோ? என்ன விசயமா வந்தனீங்கள்?” என்றார்.

“பிறந்ததுக்குச் சாட்சி தேடி.”

“நல்ல சோலி” என்றார் அவர். “நிக்கிறியள், பாண் தின்னுறியள். இதைவிட என்ன சாட்சி?” கொழும்பில் அவரை உட்காரவைத்திருந்தால் என் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாகப்பட்டினத்தில் சூரியன் கடலிலிருந்து ஏறும். இங்கே கடல் வடக்கே. சூரியன் பக்கவாட்டில் வந்து பக்கவாட்டில் போகிறது. தண்ணீர் ஒன்றுதான். நான் அந்தக் கரையில் சின்னப் பையனாக மண்ணில் மட்டையை ஊன்றி நின்ற மாலைகளில், இந்தக் கரையில் ஒருவர் வலை பொத்திக்கொண்டு அதே தண்ணீரைப் பார்த்திருக்கிறார். நான் ஒரு தொப்பிக்காகக் காத்திருந்தேன். அவர் ஒரு தோணிக்காக. அவரைவிட நான் அதிகம் காத்திருந்துவிட்டதாக நினைத்துத்தான் அப்படிப் பேசியிருக்கிறேன்.

நான்காம் நாள் ஆட்டத்துக்கு வரமாட்டேன் என்றேன். ராசன் விடவில்லை. “அருளப்பன் கடலிலை நிக்கிறான். அவனுக்காக ஆட ஒரு ஆள் வேணும். உங்கடை பேருக்கு ஆடினால்தானே வெக்கம்? இது அவன்ரை பேர், பயப்பிடாமல் அடியுங்கோ.”

அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. போய் நின்றேன். முதல் பந்து அதே இடத்தில், அதே உயரத்தில் வந்தது. கை துடித்தது. ஆனால் அவுட்டானால் அருளப்பன் அல்லவா அவுட்? முகம் தெரியாத ஒரு மனிதன் நடுக்கடலில் வலை இழுத்துக்கொண்டிருக்கும்போது நான் அவனை அவுட்டாக்குவதா? மட்டையைத் தாழ்த்தித் தடுத்தேன். அப்புறம் கடலைத் தொடாமல், மணலோடு மணலாக, இடைவெளி பார்த்துத் தள்ளினேன். முப்பத்தொரு ரன். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் ஆடியதே இல்லை. நிமிர்ந்தபோது வாடி ஓரத்தில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

ஐந்தாம் நாள் காலை வாசலில் ஒரு சத்தம். கறுத்துத் தடித்த ஒருவர், கையில் முழ நீளப் பாரை மீன்.

“ஆர் உங்கை இந்தியா அண்ணை? நான் அருளப்பன். நேற்று நான் முப்பத்தொண்டு அடிச்சனாமே!” மீனை மலர் அக்காவிடம் நீட்டினார். “நேற்று நான் என்ன ஆட்டம் ஆடினனான் தெரியுமோ அக்கா? ஒண்டைக்கூட மேலாலை அடிக்கேல்லை. எல்லாம் நிலத்தோடை. ராசன் திகைச்சுப் போனான். அந்த வேலிப் பக்கம் தள்ளினன் பாருங்கோ ஒண்டு...” என்று கையால் அடித்துக் காட்டினார். நான் அடித்த அடிதான். என்னைவிட அவர் நன்றாக அடித்தார்.

பெரியப்பா தேத்தண்ணியோடு இருந்து இதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அருளப்பன் போனதும் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது தோய்த்த வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்த ஐந்து நாளில் அவரைச் சட்டையோடு நான் பார்த்ததில்லை. பையில் ஒரு பேனை குத்தியிருந்தார்.

“வா, பதிவுகாரரிட்டைப் போவம்.”

நான் எழுந்து நின்றேன்.

“நீ கரையிலை நிக்கிறாய். உன்ரை பேரும் எங்கையாவது இருக்கத்தானே வேணும்” என்றார். “வைக்கிறன்.”

பேனையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மலர் அக்கா அடுப்படி வாசலில் மீனோடு அப்படியே நின்றாள். பன்னிரண்டு வயதிலிருந்து நான் கேட்ட ஒரு பொருள், அந்தச் சட்டைப் பையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாத முடிவுக்கு இன்னும் ஒன்பது நாள். வெள்ளிக்கிழமை காகிதம், சனிக்கிழமை கொழும்பு. ஒரு பேட்ஸ்மேனுக்கு இதைவிட நல்ல பந்து வராது.

“இன்னைக்கு அவர் இல்லையாம் பெரியப்பா” என்றேன். “மல்லாகம் போயிருக்காராம். அடுத்த வாரம்தான் வருவாராம்.”

“ஆர் சொன்னது?”

“ரோட்டுல ஒருத்தர்.”

அன்று காலை நான் ரோட்டுப் பக்கமே போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். இந்த முறை காலை அல்ல, முகத்தை. பிறகு பேனையை எடுத்து மகளிடம் கொடுத்தார். சட்டையைக் கழற்றி மடித்தார். “நல்ல பாரை. குழம்பு வை பிள்ளை. உவன் உறைப்புத் தின்னான், தூளைக் குறைச்சுப் போடு” என்றார்.

அன்று பின்னேரம், கடைசி ஆட்டம். வாடிக்குள் போய்க் கரித்துண்டை எடுத்து, பட்டியலின் அடியில் பன்னிரண்டாவதாக ‘கதிரேசன்’ என்று எழுதினேன்.

“நாளைக்கு நீங்கள் போறியள் எல்லே அண்ணை?” என்றான் ராசன்.

“ஓம். கடலாலதான் போறன்” என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன முதல் ‘ஓம்’. “பேரை வெட்டாதேங்கோ.”

என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தான். ஆனால் வெட்டமாட்டேன் என்று தலையசைத்தான்.

கொழும்பு நண்பருக்கு ஊர் திரும்பியதும் எழுதினேன்: ‘காகிதம் கிடைத்தது. காகிதத்தில் உள்ளவர் கடலுக்குப் போயிருக்கிறார். வந்ததும் அனுப்பிவைக்கிறேன்.’ பதில் இல்லை. கேத்திக்கு மூளையும் நாற்பதைத் தாண்டிவிட்டது என்று நினைத்திருப்பார். நாலாம் இடத்துக்கு வேறு யாரோ கிடைத்தார்கள். வானொலியில் அவர் ஆட்டத்தைக் கேட்டேன், நிதானமாகத்தான் ஆடினார். கேட்டுவிட்டு ஒரு நாள் சாப்பிடவில்லை. மறுநாள் சேர்த்துச் சாப்பிட்டேன்.

நான் இப்போது நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் என்று சொன்னால் எனக்கே இப்போது செயற்கையாக இருக்கிறது. மாதம் ஒருமுறை ராசனிடமிருந்து கடிதம் வரும். ஆட்டத்தைத் தவிர வேறெதையும் எழுதமாட்டான். ஆடி மாதம் நான் நூற்றுப் பன்னிரண்டு அடித்தேன். ஆவணியில் அருளப்பன் எனக்காக ஆடி நாற்பது. முப்பத்தொன்றுக்குக் கைம்மாறு, மிச்சம் ஒன்பது மீனுக்கு வட்டியாக வைத்துக்கொள்ளும்படி சொன்னாராம். தினமும் ஆட்டம் முடிந்ததும் பெரியப்பா வாடிக்கு வந்து ‘கதிரேசன் எவ்வளவு?’ என்று கேட்பாராம். எந்தக் கதிரேசன் என்று அவரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை.

போன வாரம் வந்த கடிதம் மிகச் சின்னது.

‘அண்ணை, நேற்று நீங்கள் பூச்சியம். முதல் பந்தே கடலுக்குள்ளை அடிச்சிட்டியள். உங்கடை பெரியப்பா வந்து கேட்டவர். கதிரேசன் அவுட், கடலுக்குள்ளை போனவன், பந்தோடை திரும்பி வந்திட்டான் எண்டு சொன்னனான். இன்னொருக்காச் சொல்லச் சொன்னவர்.’